காற்றுக்கும் கணக்கு வேண்டும்

வியாபாரத்தில் இலாபம் காணும் வழிகளைப் பற்றி இப்பகுதியில் பலரும் எழுதியிருக்கின்றார்கள். நான் இன்று எழுத வந்தது நட்டம் போகும் ஒரு வழியைப் பற்றி. இந்த நட்டம் கணக்குக் கொப்பியில் தெரிவதில்லை. எமது வாகனங்களின் டயர்களிலிருந்து காற்றாகவே வெளியேறி விடுகின்றது. இதை நான் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. பட்டுத்தான் தெரிந்து கொண்டேன்.

எனக்கு அக்குறணையில் மரக்கறி, பலசரக்கு மொத்த வியாபாரம். பெரிய வியாபாரமல்ல. ஒரு கடை, ஒரு சிறிய லொறி, ஒரு சாரதி, ஓர் உதவியாள். கிழமைக்கு மூன்று இரவுகள் லொறி தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய் வரும். மாத்தளை, நாலந்த, நாவுல வழியாக ஏ-9 வீதியில் ஒரு பக்கத்துக்கு 60 கிலோமீற்றர் அளவிலான ஓட்டம். போகும்போது வெறும் வண்டி. வரும்போது முழுப் பாரம்.

கடந்த வருடம் ஒரு நாள் அதிகாலை மூன்று மணியிருக்கும். தொலைபேசி அடித்தது.

"நானா, பின் டயர் வெடிச்சிட்டு. வண்டி கானுக்குள்ள சாஞ்சி நிக்கிது. எங்களுக்கு ஒண்டுமில்ல."

நான் போய்ச் சேரும்போது விடிந்து விட்டது. தக்காளிப் பெட்டிகள் வீதியோரம் கொட்டிக் கிடந்தன. டயர் என்று சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. றிம்மைச் சுற்றிக் கறுப்புக் கந்தல்தான் தொங்கிக் கொண்டிருந்தது. இன்னும் பத்து யார் தள்ளிச் சாய்ந்திருந்தால் அங்கே மதகு. அதற்குக் கைபிடிச் சுவர் கூட இல்லை. இரண்டு பிள்ளைகளின் உயிரும் அந்தப் பத்து யாரில்தான் தப்பியது.

அந்த நேரத்தில் இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது தக்காளியும் டயரும்தான். "பார்த்து ஓட்டத் தெரியாதா?" என்று வீதியில் வைத்தே ஏசினேன். டயரின் விலையை மாதம் ஐயாயிரம் ரூபா வீதம் சம்பளத்தில் கழிப்பதாகவும் சொல்லி விட்டேன். அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை.

டயர் கடையில் கிடைத்த பாடம்

அன்று பின்னேரம் கிழிந்த டயரையும் லொறியையும் ஊரிலுள்ள டயர் கடைக்குக் கொண்டு போனோம். அந்தக் கடைக்கார நானா நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். டயருக்குள் கையை விட்டு வெளியே எடுத்துக் காட்டினார். உள்ளங்கை நிறையக் கறுப்புத் தூள். தேயிலைத் தூளைப் போலிருந்தது.

"இது ஆணி ஏறி வெடிச்சதில்ல, தம்பி. காத்துக் கொறவா கனநாள் ஓடின டயர். உள்ளுக்குள்ளேயே அரைபட்டிருக்கு. மத்த டயரையும் பாப்பம்" என்றார்.

மானியை வைத்துப் பார்த்தார். பின்பக்கத்து மற்ற டயரில் இருக்க வேண்டியதை விட 12 இறாத்தல் குறைவு. முன் டயர்கள் இரண்டிலும் ஏழெட்டு இறாத்தல் குறைவு. உதிரி டயரில் இருந்தது வெறும் 9 இறாத்தல். அதாவது வெடித்த டயரைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டியிருந்தாலும் வண்டி வீடு வந்து சேர்ந்திருக்காது.

"கடைசியா எப்ப காத்துப் பார்த்த?" என்று நான் சாரதியிடம் கேட்டேன்.

"நாங்க போற நேரத்தில ஷெட்டெல்லாம் பூட்டு, நானா. வார நேரத்தில பாரம். சந்தைக்கும் நேரமாகிடும். நானாட்ட ரெண்டு தரம் சொன்னேன்" என்றான்.

உண்மைதான். அவன் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு தரமும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொன்னவன் நான்தான். அந்த இரவு வண்டியில் கணக்குக்கு மேல் பாரம் ஏற்றச் சொன்னவனும் நான்தான்.

காற்று எப்படிக் குறைகின்றது?

டயர்தான் பாரத்தைத் தாங்குகின்றது என்று நாம் நினைக்கின்றோம். பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. டயர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பைதான். காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கின்றது. ஒரு கம்பியை மடித்து மடித்து நிமிர்த்தினால் அந்த இடம் சூடாவதைப் போலத்தான் இதுவும். சூடு ஏற ஏற இறப்பரும் உள்ளிருக்கும் நூலும் ஒன்றை விட்டு ஒன்று கழருகின்றன. பாரமும் வேகமும் கூடினால் சூடும் கூடும். ஒரு கட்டத்தில் டயர் வெடித்து விடும்.

ஆணி ஏறாவிட்டாலும் காற்றுக் குறையும். நல்ல டயரிலிருந்தே மாதத்துக்கு ஓரிரு இறாத்தல் தானாக வெளியேறும். ஆறு மாதம் பார்க்காமல் விட்டால் பத்து இறாத்தல் வரை போய்விடலாம். இன்றைய டியூப் இல்லாத டயர்களில் அந்தக் குறைவு கண்ணுக்கும் தெரியாது. காலால் உதைத்துப் பார்ப்பதும் கையால் தட்டிப் பார்ப்பதும் பிரயோசனமற்றவை.

இது எமது ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் பூட்டியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் கழன்று சிதறியதால் நேர்ந்த விபத்துக்களில் 270இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். டயரின் குறைபாட்டுடன் காற்றுக் குறைவும் சூடும் அங்கே பெரிதாகப் பேசப்பட்டன. அதன் பின்னரே காற்று 25 வீதம் குறைந்தால் சாரதிக்கு எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் அங்கு வந்தது. 2007 செப்டெம்பருக்குப் பின்னர் அங்கு விற்பனைக்குத் தயாரான எல்லா இலகு ரக வாகனங்களிலும் அந்த விளக்கு உண்டு. எம்மிடமுள்ள பழைய வேன்களிலும் சிறிய லொறிகளிலும் பெரும்பாலும் அது இல்லை. சாரதியின் கண்ணும் கையும்தான் எமக்கு விளக்கு.

கையில் ஒரு பம்பு

டயர் கடைக்கார நானாதான் சொன்னார். "ஷெட்டைத் தேடிப் போறத்துக்கு நேரமில்லாட்டி, வண்டிக்குள்ளேயே ஒரு சார்ஜ் பம்பு வச்சிக்கோங்க" என்றார்.

வயர் இல்லாமல் மின்கலத்தில் இயங்கும் இந்தச் சிறிய பம்புகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். தண்ணீர்ப் போத்தல் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சிறிய மோட்டாரும், அது முன்னும் பின்னும் தள்ளும் ஒரு பிஸ்டனும், லித்தியம் மின்கலங்களும் உண்டு. வேண்டிய அளவைத் திரையில் வைத்துப் பொத்தானை அமர்த்தினால், அந்த அளவு வந்ததும் தானாக நின்றுவிடும்.

நான் அவசரப்பட்டு முதலில் வாங்கியது புறக்கோட்டையில் ஒரு நடைபாதைக் கடையில். மலிவு. பெட்டியில் "12000" என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. இரண்டு டயருக்கு அடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. டயர் கடை மானியோடு ஒப்பிட்டபோது திரையில் 6 இறாத்தல் கூடுதலாகக் காட்டியது. அதை நம்பியிருந்தால் 30 என்று நினைத்துக் கொண்டு 24இல் ஓடியிருப்போம். எமது ஊரில் வானொலி திருத்தும் பையனிடம் கொடுத்துத் திறந்து பார்த்தோம். உள்ளே இரண்டு சிறிய மின்கலங்கள். ஒவ்வொன்றிலும் 1200 என்றிருந்தது. பெட்டியில் ஒரு பூச்சியம் கூடிவிட்டது!

இரண்டாவது பம்பை விசாரித்து வாங்கினேன். விசாரித்ததில் தெரிந்து கொண்டவற்றை இங்கே சொல்கின்றேன்.

முதலாவது, மில்லி அம்பியர் இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டாம். 'வாட் மணி' எவ்வளவு என்று பாருங்கள். மின்கலத்தின் வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்கினால் அது வரும். 7.4 வோல்ற்றில் 2000 மில்லி அம்பியர் என்றால் 14.8 வாட் மணி. இதை வைத்துத்தான் இரண்டு பம்புகளைச் சரியாக ஒப்பிடலாம்.

இரண்டாவது, "150 பி.எஸ்.ஐ." என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். அது எவ்வளவு அழுத்தம் வரை தள்ளும் என்பதே தவிர, எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பதல்ல. சைக்கிள் டயர் சிறியது. அதற்கு அந்த அழுத்தத்தைக் கொடுத்து விடும். பெரிய லொறி டயருக்குள் போக வேண்டிய காற்றின் அளவே வேறு. நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்றுத் தள்ளும் என்று கேளுங்கள்.

மூன்றாவது, வாங்கியவுடன் நம்பிக்கையான ஒரு மானியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். எமது கடைத் தராசுக்கும் படிகளுக்கும் வருடாவருடம் முத்திரை பெறுகின்றோம். காற்றை அளக்கும் மானிக்கு அப்படி எவரும் வந்து முத்திரை குத்தப் போவதில்லை. மாதம் ஒரு முறையாவது நாமேதான் ஒப்பிட வேண்டும்.

நான்காவது, குழாய் வால்வில் திருகிப் பூட்டும் வகையாக இருப்பது நல்லது. கழற்றும்போது காற்று வெளியேறுவது குறைவு.

எவ்வளவு அடிப்பது, எப்போது அடிப்பது?

சாரதியின் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் வாகனத்துக்கான அளவு அதில்தான் இருக்கின்றது. ஜப்பானிலிருந்து வந்த வேன்களில் எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் இலக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். 240 என்றிருந்தால் அது கிலோ பஸ்கால். 6.9ஆல் பிரித்தால் இறாத்தல் கணக்கு வரும். 240 என்பது ஏறத்தாழ 35 இறாத்தல். அருகில் 2.4 என்று இருந்தால் அதுவும் அதே அளவுதான். முன்னுக்கும் பின்னுக்கும், வெறும் வண்டிக்கும் பாரத்துக்கும் வெவ்வேறு அளவு இருக்கலாம். டயரின் பக்கச் சுவரில் உள்ள இலக்கம் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது.

காற்றுப் பார்க்க வேண்டியது டயர் குளிர்ந்திருக்கும்போது. வண்டி மூன்று மணித்தியாலமாவது நின்றிருக்க வேண்டும். ஓடி வந்தவுடன் பார்த்தால் சூட்டினால் நாலைந்து இறாத்தல் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கி விடுவது பலர் செய்யும் தவறு. ஆறியதும் அது குறைவாகி விடும். ஷெட்டுக்கு ஓடிப்போய்க் காற்றுப் பார்ப்பதை விட வீட்டு வாசலில் வைத்துப் பார்ப்பது ஏன் நல்லது என்பது இப்போது விளங்கும். வயர் இல்லாத பம்பின் பெரிய பிரயோசனமும் இதுதான்.

இரண்டு டயருக்கு அடித்ததும் பம்புக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். சிறிய பிஸ்டன் சீக்கிரம் சூடாகும். குழாயின் உலோக முனை கையைச் சுடும். அடித்து முடிந்ததும் வால்வில் சிறிது எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வு கசிகின்றது என்று அர்த்தம். மூடியைப் பூட்ட மறக்க வேண்டாம். உதிரி டயரையும் மறக்க வேண்டாம்.

வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் பம்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் மின்கலத்துக்குச் சூடு ஆகாது. ஆயுளும் குறையும், ஆபத்தும் உண்டு. எமது பம்பு பகலில் கடையில் இருக்கும். இரவு ஓட்டத்துக்கு வண்டியில் ஏறும். மின்கலம் வீங்கியிருந்தால் மறுபடி சார்ஜ் பண்ணவே கூடாது.

பம்பு செய்யாத வேலை

இந்தப் பம்பு டயர் கடைக்கு மாற்றல்ல. ஆணி ஏறிய டியூப் இல்லாத டயரில் காற்று மெதுவாக இறங்குமானால், ஆணியைப் பிடுங்காமல் காற்றை நிரப்பிக் கொண்டு, வேகமில்லாமல் அருகிலுள்ள டயர் கடை வரை போகலாம். அதற்கு மேல் அதிலேயே சமாளிக்க நினைக்கக் கூடாது. தினமும் ஒரே டயருக்கு அடிக்க வேண்டியிருந்தால் அந்த டயருக்கு வைத்தியம் தேவை.

காற்றில்லாமல் ஓடிய டயருக்கு வீதியில் வைத்துக் காற்றடிப்பது உயிராபத்து. லொறி டயர்களில் இது மிக மோசம். இருக்க வேண்டிய அளவில் 80 வீதத்துக்குக் கீழே இறங்கி ஓடிய லொறி டயரைக் கழற்றி உள்ளே பரிசோதிக்காமல் நிரப்பக் கூடாது என்பது உலகெங்கும் டயர்த் தொழிலில் உள்ள விதி. உள்ளே அறுந்த கம்பிகள் காற்று ஏறும்போது வரிசையாகப் பிளந்து வெடிக்கும். வளையம் போட்ட பழைய றிம் என்றால் அந்த வளையமே பறந்து வந்து அடிக்கும். அவற்றைக் கூண்டுக்குள் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பெரிய லொறி வைத்திருப்போர் ஒரு நல்ல மானியை மட்டும் வாங்கிக் கொள்ளுங்கள். அடிக்கும் வேலையை டயர் கடைக்கு விடுங்கள். கையடக்கப் பம்பு மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார், வேன், சிறிய லொறி ஆகியவற்றுக்கு உரியது.

இலாபக் கணக்கு

வியாபாரிகளாகிய நாம் கணக்குப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. நானும் பார்த்தேன். நான்கு டயர்களிலும் சராசரியாக ஓர் இறாத்தல் குறைந்தால் எரிபொருள் 0.2 வீதமளவில் கூடுதலாகப் போகும் என்பது பெற்றோல் வாகனங்களுக்கு அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சொல்லும் கணக்கு. பத்து இறாத்தல் குறைந்தால் 2 வீதம். எமது லொறிக்கு மாதம் 100 லீற்றர் என்று வைத்தால் 2 லீற்றர். இதை வைத்து எவரும் பணக்காரராகப் போவதில்லை. விற்பவர்கள் இதைவிடப் பெரிதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

பெரிய கணக்கு டயரில் இருக்கின்றது. 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பின்னர் டயர் விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய வண்டியைத்தான் நாம் பேணிக் கொண்டு வந்தோம். நான் வாங்கிய இரண்டாவது பம்பின் விலை ஒரு புதிய டயரின் விலையை விடக் குறைவு. ஒரு டயரைக் காப்பாற்றினாலே முதல் திரும்பி விடும். அன்று கானில் கொட்டிய தக்காளியின் பெறுமதியில் இத்தகைய பம்புகள் பல வாங்கியிருக்கலாம்.

இந்தப் பம்புகளை விற்கும் எமது சகோதர வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியிலுள்ள இலக்கம் பொய்யென்று தெரிந்தால் அந்தச் சரக்கை இறக்க வேண்டாம். கடையில் ஒரு நல்ல மானியை வைத்து, வாங்குபவரின் முன்னிலையில் ஒப்பிட்டுக் காட்டி விற்றுப் பாருங்கள். ஒருவர் பத்துப் பேரைக் கூட்டி வருவார். பிழையான மானியோடு விற்பது குறைந்த படியால் நிறுப்பதற்குச் சமம். இங்கே குறைவது சீனியோ பருப்போ அல்ல, ஒருவரின் பாதுகாப்பு.

கடைசியாக ஒரு விடயம். சம்பளத்தில் கழிப்பதாகச் சொன்னேனே, முதல் மாதம் கழித்தும் விட்டேன். டயருக்குள்ளிருந்து வந்த கறுப்புத் தூளைக் கண்ட பிறகும் கழித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கின்றது. சொன்ன சொல்லை மாற்றினால் முதலாளியின் மதிப்புப் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டாம் மாதச் சம்பளத்தன்று அந்த ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்து, "பிழை என்னுடையது, தம்பி" என்று சொன்னேன். அவன் "பரவாயில்ல, நானா" என்றான். மதிப்பு எங்கும் போகவில்லை.

இப்போது அவனிடம் ஒரு சிறிய கொப்பி இருக்கின்றது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னர், பின்னேரத்தில், வண்டி ஆறியிருக்கும்போது ஐந்து டயருக்கும் மானி வைத்து எழுதுவான். குறைந்ததை அங்கேயே நிரப்புவான். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடமும் வேலை நேரத்தில்தான் அடங்கும். பாரம் கூடிவிட்டது என்று அவன் சொன்னால் பெட்டியை இறக்கி விடுவோம். சென்ற மாதம் பின் வலப்பக்க டயரில் இரண்டு கிழமையாக மூன்று மூன்று இறாத்தல் குறைவதைக் கொப்பியில் காட்டினான். கழற்றிப் பார்த்தால் ஒரு சிறிய ஆணி. டயர் தப்பியது.

நண்பர்களே, நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னர் உங்கள் உதிரி டயரில் எவ்வளவு காற்று இருக்கின்றது என்று ஒரு தரம் பாருங்கள். எனக்கு அது 9 ஆக இருந்தது.